பொருத்தம் பார்ப்பது யார் வேலை?

"வாங்கும் முன் உங்கள் கணினிக்குப் பொருந்துமா என்று சரிபார்த்துக் கொள்ளவும்."

இணையக் கடைகளில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் பக்கங்களில், எல்லாப் பெருமையையும் சொல்லி முடித்த பிறகு, அடியில் பொடி எழுத்தில் இப்படி ஒரு வரி கிடக்கும். பார்த்தால் பெரியவர்கள் புத்தி சொல்வது மாதிரி இருக்கும். இந்த ஒரு வரியால் நான் போன மாதம் 1,450 ரூபாயைத் தொலைத்து, சண்டை போட்டு மீட்டேன். பணம் கைக்கு வந்த பிறகும் கோபம் தீரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

1,450 ரூபாய் ஒரு பெரிய பணமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். முப்பத்தேழு வருஷம் மில்லில் வேலை பார்த்த எனக்கு மாதா மாதம் வரும் பி.எஃப். பென்ஷன் 2,140 ரூபாய். குறைந்தபட்சப் பென்ஷன் என்று 2014 செப்டம்பரில் சர்க்கார் நிர்ணயித்த தொகை 1,000 ரூபாய். கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் பக்கம் மில்லிலும் தீப்பெட்டி ஆபீசிலும் உழைத்து ஓய்ந்தவர்களில் பலருக்கு அதையும் இதையும் சுற்றித்தான் வரும். எங்கள் கணக்கில் 1,450 என்பது இருபது நாள் பென்ஷன்.

நடந்தது இதுதான்.

மகள் வயிற்றுப் பேத்தி இங்கே கல்லூரியில் இரண்டாம் வருஷம் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அவளிடம் இருப்பது என் மகன் பத்து வருஷத்துக்கு முன் வாங்கி, ஓட்டி, ஓய்ந்த பிறகு கொடுத்த மடிக்கணினி. சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு டீ குடித்து வந்தால்தான் திரை வெளிச்சம் காட்டும். "ரேம் கூட்டினா வேகமா ஓடும் தாத்தா, இன்னும் ரெண்டு வாரத்துல புராஜெக்ட் கொடுக்கணும்" என்றாள். ரேம் என்றால் என்னவென்று கேட்டேன். "வேலை செய்யிற மேசை மாதிரி தாத்தா. மேசை சின்னதா இருந்தா எல்லாத்தையும் எடுத்து எடுத்து வைக்கணும்ல" என்றாள். புரிந்தது.

மெயின் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை இருக்கிறது. முப்பது வயதுப் பையன். போய்க் கேட்டேன். "கழட்டிப் பாக்காமச் சொல்ல முடியாது அண்ணாச்சி. சாமான், மாட்டித் தர்றது எல்லாம் சேத்து 1,900 கிட்ட ஆகும். கொண்டுட்டு வாங்க" என்றான்.

வீட்டுக்கு வந்து செல்போனில் தேடினேன். "8 ஜிபி டிடிஆர்3 லேப்டாப் ரேம், அனைத்து லேப்டாப்களுக்கும் ஏற்றது" என்று கொட்டை எழுத்தில் ஒன்று வந்தது. விலை 1,450. 450 ரூபாய் மிச்சம். பேத்தியின் மடிக்கணினியும் டிடிஆர்3தான் என்று அவளே பார்த்துச் சொன்னாள். பிறகென்ன, பணத்தைக் கட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் வந்தது. பேத்தி ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டே அடி மூடியைக் கழற்றினாள். ரேம் மாட்ட ஒரே ஒரு இடம்தான் இருந்தது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தாள். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் கொக்கி 'டிக்' என்று விழுந்தது. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டினாள். அதே கறுப்பு. பழையதைப் போட்டால் ஓடுகிறது.

"நான்தான் ஏதோ கெடுத்துட்டேனா தாத்தா?" என்று கண் கலங்கி நின்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவள் எதையும் கெடுக்கவில்லை என்பது மறுநாள் அந்தச் சந்துக் கடையில்தான் தெரிந்தது.

கடைக்காரப் பையன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லென்ஸ் விளக்கைக் கீழே இழுத்து, "இங்க பாருங்க அண்ணாச்சி" என்றான். பழையதின் ஸ்டிக்கரில் பிசி3எல்-12800எஸ் என்று இருந்தது. புதியதில் பிசி3-12800எஸ். மீதி எல்லாம் ஒன்றே. இடையில் ஒரு 'எல்' மட்டும் இல்லை.

"அந்த எல்லுன்னா குறைஞ்ச வோல்டேஜ் அண்ணாச்சி. உங்க பழைய ரேம் 1.35 வோல்ட்ல ஓடுறது. நீங்க வாங்கினதுக்கு 1.5 வோல்ட் வேணும். இந்த லேப்டாப் 1.35தான் குடுக்கும். அதான் எந்திரிக்க மாட்டேங்குது. புது ரேம்ல கோளாறு கிடையாது. பாக்கீங்களா?" என்று சொல்லி, அலமாரியிலிருந்து இன்னும் பழைய மடிக்கணினி ஒன்றை எடுத்து அதில் மாட்டினான். ஜம்மென்று ஓடியது.

இதில் உள்ள சூது வாசகர்களுக்குப் புரிய வேண்டும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறை தலைமுறையாக ரேம் வருகிறது. மடிக்கணினிக்கு உள்ளதில் டிடிஆர்3க்கு 204 பின், டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262. ஒவ்வொன்றிலும் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். அதனால் ஒரு தலைமுறைச் சாமானை இன்னொரு தலைமுறை இடத்தில் வைத்தால் உட்காராது. அது நல்ல ஏற்பாடு. பொருந்தாததைப் பொருந்தாது என்று சாமானே சொல்லிவிடுகிறது. ஆனால் டிடிஆர்3க்கும் டிடிஆர்3எல்லுக்கும் பின்னும் ஒன்று, வெட்டும் ஒன்று. உட்காரும், கொக்கி விழும், ஓடாது. 'எல்' உள்ளது பெரும்பாலும் இரண்டு வோல்டேஜிலும் ஓடும். 'எல்' இல்லாதது 1.35 மட்டும் கொடுக்கும் மடிக்கணினியில் ஓடாது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பொருத்தம் இது. தெரிந்தவன் சொன்னால்தான் உண்டு.

தெரிந்தவன் யார்? விற்கிறவன். அவன் கையில்தான் அந்த ஸ்டிக்கர் இருக்கிறது.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் என் பழைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் மில்லில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தேன். ஸ்பின்னிங் மில் ஸ்டோர்ஸ் என்றால் ஆயிரக்கணக்கான சாமான். பேரிங், பெல்ட், டிராவலர், பாபின், நட்டு, போல்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, ஒரு பின் கார்டு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே இருந்த பெரியவர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், நம்பர் இல்லாத இன்டென்டைக் கையில் வாங்காதே என்பது. "பேரிங் ஒண்ணு" என்று எழுதி அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார். "6203 ஒண்ணு" என்று எழுதினால்தான் சாமான்.

பேரிங் நம்பர் மாதிரி நேர்மையான நம்பரை நான் பார்த்ததில்லை. 6203 என்றால் உள் துளை 17 மில்லிமீட்டர், வெளி வட்டம் 40, கனம் 12. எந்த நாட்டில் எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவு. 6204 என்றால் 20, 47, 14. கடைசி இரண்டு இலக்கம் 04, 05 என்று போனால் ஐந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும், உள் துளை வந்துவிடும். பின்னால் இசட் இசட் என்று இருந்தால் இரண்டு பக்கமும் தகடு மூடி. இதைத் தெரிந்துகொண்டால் ஊசி முனையளவு தப்பு வராது.

தப்பு ஒரு தடவை வந்தது. என்னால் வந்தது. 6203 பெட்டியில் 6204ஐ வைத்துவிட்டு, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டேன். நைட் ஷிப்டில் ஃபிட்டர் அந்தப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஷாஃப்டில் தொளதொளவென்று நின்றிருக்கிறது. சரியான பேரிங் உள் அறையில், சாவி என்னிடம். ஒரு ரிங் ஃப்ரேம் ராத்திரி முழுக்க நின்றது. காலையில் மேனேஜர் ஃபிட்டரைக் கூப்பிட்டு, "நீ ஏன் சரிபார்த்து எடுக்கவில்லை?" என்று கேட்கவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார். சாமானை எடுத்துக் கொடுப்பது என் வேலை. சரியான சாமானை எடுத்துக் கொடுப்பதும் என் வேலைதான். அது இரண்டு வேலை இல்லை. ஒரே வேலை.

இதைத்தான் இணையக் கடைகள் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் தாங்கள் வைத்துக்கொண்டு மறுபாதியை நம் தலையில் கட்டுகின்றன. சாமானைப் பெட்டியில் போட்டு அனுப்புவது அவர்கள் வேலையாம். அது சரியான சாமானா என்பது நம் வேலையாம்.

அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தலைப்பில் "அனைத்து லேப்டாப்களுக்கும் ஏற்றது". அடியில் "உங்கள் கணினிக்குப் பொருந்துமா என்று சரிபார்க்கவும்". எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றால் எதற்குச் சரிபார்க்க வேண்டும்? சரிபார்க்க வேண்டும் என்றால் எப்படி எல்லாவற்றுக்கும் பொருந்தும்? விற்பதற்கு மேல் வரி, தப்பிப்பதற்குக் கீழ் வரி. நடுவில் ஒரு இடத்திலாவது வோல்டேஜ் இருக்கிறதா என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். இல்லை. மின்னல் வேகம், விளையாட்டுக்கு உகந்தது, பிரீமியம் தரம் எல்லாம் இருக்கிறது. 1.5 என்ற எண் மட்டும் இல்லை.

கம்ப்யூட்டர் சாமானுக்கு நேர்மையான நம்பர் கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். பேரிங்குக்கு உலக அளவுத் தரம் இருப்பது போல, ரேமுக்கு ஜெடெக் என்ற அமைப்பு வகுத்த தரம் இருக்கிறது. பிசி3எல்-12800எஸ் என்பது அந்த வகை எழுத்துதான். அதில் தலைமுறை இருக்கிறது, வோல்டேஜ் இருக்கிறது, வேகம் இருக்கிறது, கடைசி 'எஸ்' அது மடிக்கணினி அளவுச் சாமான் என்று சொல்கிறது. செய்தவன் சரியாகத்தான் எழுதி ஒட்டியிருக்கிறான். விற்கிறவன் அந்த நம்பரை மறைத்துவிட்டு அதன் மேல் அலங்கார வார்த்தைகளை ஒட்டுகிறான். என் கோபம் இதன் மேல்தான்.

திருப்பி அனுப்பக் கேட்டபோது வந்த பதிலையும் சொல்லிவிடுகிறேன். "பொருளில் குறைபாடு இல்லை. பொருத்தத்தைச் சரிபார்ப்பது வாடிக்கையாளர் பொறுப்பு. திரும்பப் பெற இயலாது." அதே இடத்தில் போன தீபாவளிக்கு மருமகனுக்கு ஒரு சட்டை எடுத்தோம். தோள் பிடித்தது. சட்டையில் எந்தக் குறைபாடும் இல்லை, மருமகனின் தோள்தான் அகலம். ஒரு கேள்வி கேட்காமல் வாசலில் வந்து வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பினார்கள். சட்டைக்கு அளவு அட்டவணை போடுகிறார்கள், செருப்புக்குப் போடுகிறார்கள், பொருந்தவில்லை என்றால் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு மனிதன் தன் தோளைத் தானே அளந்து பார்க்க முடியும். மடிக்கணினிக்குள் இருக்கும் வோல்டேஜை அவன் எதை வைத்து அளப்பான்? அளக்க முடிந்ததற்குச் சலுகை, அளக்க முடியாததற்குத் தண்டனை. இது என்ன நியாயம்?

என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், இதை ஒத்துக்கொள்ளவில்லை. "ஆயிரம் மாடல் இருக்கு. எந்த வீட்டுல எது இருக்குன்னு கடைக்காரனுக்கு எப்படித் தெரியும்? வாங்குறவன் விசாரிக்காம வாங்கிட்டு அடுத்தவனக் குறை சொல்லலாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். என் மடிக்கணினி எது என்று அவனுக்குத் தெரியாதுதான். ஆனால் அவனுடைய ரேம் எது என்று அவனுக்குத் தெரியும். நான் அவனிடம் என் வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லவில்லை. அவன் பெட்டியில் ஒட்டியிருப்பதை அப்படியே எழுதிப் போடு என்கிறேன். அவன் பாதியை அவன் சொன்னால், என் பாதியை நான் பார்த்துக்கொள்வேன். தன் பாதியை மறைத்துவிட்டு இரண்டு பாதியையும் நீயே பார் என்பதுதான் அக்கிரமம்.

ஆயிரம் மாடல் என்ற சாக்கும் எடுபடாது. அமெரிக்காவில் 'பிசி பார்ட் பிக்கர்' என்று ஒரு இணையதளம் இருக்கிறதாம், பேத்தி காட்டினாள். மேசைக் கணினிக்கு வேண்டிய பாகங்களை ஒவ்வொன்றாக அதில் தேர்ந்தெடுத்தால், இந்தப் பிராசசர் இந்த மதர்போர்டில் உட்காராது, இந்த ரேம் இதற்கு ஆகாது என்று அதுவே தடுத்துச் சொல்கிறது. அதை நடத்துகிறவர்கள் நமக்கு நேரடியாகச் சாமான் விற்பவர்கள்கூட இல்லை. அவர்களால் முடிவது, நான் நேற்று என்ன தேடினேன் என்று ஞாபகம் வைத்து இன்று விளம்பரம் காட்டும் பெரிய கடைகளுக்கு முடியாதா? இரு சக்கர வண்டிச் சாமானுக்கு "உங்கள் வண்டி எது?" என்று கேட்டுவிட்டுக் காட்டும் பக்கங்கள் இருக்கின்றன. முடியும். செய்யவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பழக்கத்தைப் பாருங்கள். நம்முடையது மானாவாரிக் கரிசல். ஒரு மழையை நம்பி விதைக்கிறோம். விதை தப்பினால் அந்த வருஷமே தப்பும். அதனால்தான் 1901இலேயே இங்கே விவசாய ஆராய்ச்சி நிலையம் வந்தது. இந்த மண்ணுக்கு எது பொருந்தும் என்று சம்சாரியைத் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்கச் சொல்லாமல், அதற்கென்று ஒரு நிலையம் வைத்துப் பருத்தியிலும் சோளத்திலும் 'கே' எழுத்துப் போட்டு ரகம் ரகமாகக் கொடுத்தார்கள். கே என்றால் கோவில்பட்டி. 1966ஆம் வருஷத்து விதைச் சட்டத்தின்படி, அறிவிக்கப்பட்ட ரகத்தின் விதைப் பையில் முளைப்புத் திறன், சுத்தம் முதலிய விவரம் இருந்தாக வேண்டும். விதைக் கடைக்காரர் "உங்கள் நிலத்தில் முளைக்குமா என்று சரிபார்த்துக் கொள்ளவும்" என்று மட்டும் எழுதிவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? 2021 டிசம்பரில் ஒரு ரூபாய்த் தீப்பெட்டி இரண்டு ரூபாய் ஆனது. அந்த இரண்டு ரூபாய்ப் பெட்டி மேலும் உள்ளே எத்தனை குச்சி என்று அச்சடிக்கிறோம். 1,450 ரூபாய்ச் சாமானுக்கு ஒரு வோல்டேஜ் எழுத வலிக்கிறது.

சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. நான் உட்கார்ந்து படித்தேன். நுகர்வோர் பாதுகாப்பு (மின்னணு வணிகம்) விதிகள், 2020. அந்த வருஷம் ஜூலை 23 அன்று அமலுக்கு வந்தது. வாங்குவதற்கு முன்பே நுகர்வோர் விவரம் தெரிந்து முடிவெடுக்கத் தேவையான எல்லாத் தகவலையும் விற்பவர் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். "அனைத்து லேப்டாப்களுக்கும் ஏற்றது" என்பது விளம்பரத்தில் சொன்ன தன்மைதானே? என் பேத்தியின் மடிக்கணினிக்கு ஏற்கவில்லை. அப்படியானால் அடியில் கிடக்கும் பொடி எழுத்து என்ன பாடு பட்டாலும் அந்தக் கடை சாமானைத் திரும்ப எடுத்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

இதையே எழுதினேன். தலைப்பு வரியைப் படம் பிடித்து, இரண்டு ஸ்டிக்கரையும் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்து, கடையின் குறைதீர் அலுவலருக்கு அனுப்பினேன். பழைய பதிலே வந்தது. பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் புகார் பதிந்தேன். பதினெட்டாம் நாள் பணம் வந்தது.

ஜெயித்துவிட்டேன் என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. எனக்கு நேரம் இருந்தது. ஸ்டோர்ஸில் முப்பத்தேழு வருஷம் நம்பரோடு மல்லுக்கட்டிய பழக்கம் இருந்தது. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு தாய், மகனுக்காக இதே ரேமை வாங்கியிருந்தால் என்ன செய்வாள்? "நாமதான் தப்பா வாங்கிட்டோம்" என்று அலமாரியில் போட்டு வைப்பாள். என் பேத்தி அழுதாளே, அந்த மாதிரி. அந்தப் பொடி எழுத்து வரி உண்மையில் செய்யும் வேலை அதுதான். தப்பு உன்னுடையது என்று முன்கூட்டியே நம்ப வைக்கிறது. நம்பியவர்கள் புகார் கொடுப்பதில்லை.

நம் பக்கம் இது சின்ன விஷயமும் இல்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிப் பல வருஷம் அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகள் எத்தனையோ வீட்டில் பீரோ மேல் கிடக்கின்றன. ரேம் கூட்டினால், பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் தம்பிக்கோ தங்கைக்கோ ஆகும் என்று வாங்கப் போகிறவர்கள் நம் ஜனங்கள்தான். புது மடிக்கணினி வாங்க வசதி உள்ளவனுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. பொருத்தம் தெரியாமல் ஏமாறுவது, பழசை ஓட்டிப் பிழைக்கிறவன்தான்.

என் பக்கத் தப்பையும் மறைக்கவில்லை. சந்துக் கடைப் பையன் முதல் நாளே சொன்னான், கழற்றிப் பார்க்காமல் சொல்ல முடியாது என்று. 450 ரூபாய் மிச்சம் பிடிக்க அவனைத் தாண்டிப் போனேன். அந்த 450 ரூபாய் எதற்கு என்று இப்போது தெரிகிறது. கழற்றிப் பார்த்து, 'எல்' என்ற எழுத்தைப் படித்து, சரியானதை வரவழைத்து, மாட்டி ஓட்டிக் காட்டி, ஓடவில்லை என்றால் நாளைக்கு நான் போய் நிற்க ஒரு வாசல் இருப்பதற்கான விலை. இணையத்தில் விலை குறைவு என்கிறோம். அந்த வேலையைச் செய்யாததால்தான் பாதிக் குறைவு. அதைவிடக் கேவலம், மறுநாள் வேறு இடத்தில் வாங்கிய சாமானைத் தூக்கிக்கொண்டு அவனிடமே போய் இலவசமாகக் காரணம் கேட்டேன். அவன் முகம் சுளிக்கவில்லை. எனக்குத்தான் தலை குனிந்தது.

அதற்காக உள்ளூர்க் கடைக்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று தவில் அடிக்க மாட்டேன். பில் தராதவர்கள் உண்டு, பழசைப் புதுசு என்பவர்களும் உண்டு. பில் கேளுங்கள். ஆனால் தெரிந்து சொல்கிறவனுக்கு அதற்கான கூலியைக் கொடுங்கள்.

சட்டமும் கடையும் திருந்தும்வரை நாம் சும்மா இருக்க முடியாது. அந்தப் பையனிடம் கேட்டுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலாவது, கணினியின் முழு மாடல் நம்பர். மூடியின் மேல் இருப்பது குடும்பப் பெயர் மட்டும். அடியில் உள்ள ஸ்டிக்கரில்தான் முழு நம்பர் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஸ்டிக்கர் அழிந்துவிடும்.

இரண்டாவது, ரேம். ஏற்கெனவே உள்ளே இருக்கும் ரேமின் எழுத்தை அப்படியே பார்த்து, அதே எழுத்து உள்ளதை வாங்குவது பத்திரம். சில மெல்லிய மடிக்கணினிகளில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கும், கூட்டவே முடியாது. அதிகபட்சம் எத்தனை ஜிபி ஏற்கும் என்பதையும் தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள்.

மூன்றாவது, எஸ்எஸ்டி. சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும் எம்.2 வகையில் சாட்டா என்றும் என்விஎம்இ என்றும் இரண்டு சாதி. சில கணினிகளில் இரண்டும் உட்காரும், திருகும் பிடிக்கும், ஒன்றைத்தான் கணினி அடையாளம் காணும். 'எல்' கதையேதான்.

நான்காவது, சார்ஜர். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், வாட் குறையக் கூடாது, பின்னின் கனம் ஒத்துப்போக வேண்டும். ஐரோப்பாவில் சட்டம் போட்டு, 2024 டிசம்பர் 28 முதல் விற்கும் செல்போன்களுக்கு டைப்-சி என்ற ஒரே துளைதான் என்று ஆக்கிவிட்டார்கள். சர்க்கார் நினைத்தால் பொருத்தத்தைக் கடைக்காரன் இஷ்டத்துக்கு விடாமல் இருக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒன்று, சாமானில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் தெளிவான படம் பக்கத்தில் முதல் படமாக இருக்க வேண்டும். இரண்டு, எதற்குப் பொருந்தும் என்பதோடு எதற்குப் பொருந்தாது என்பதும் இருக்க வேண்டும், தமிழிலும் இருக்க வேண்டும். மூன்று, இவை இரண்டும் இல்லாமல் விற்ற சாமான் பொருந்தவில்லை என்றால், சட்டையைப் போலவே மறுபேச்சில்லாமல் திரும்ப எடுக்க வேண்டும். இதைச் செய்ய முடியாதவன் "அனைத்துக்கும் ஏற்றது" என்ற வார்த்தையை எடுத்துவிடட்டும்.

யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால் அலமாரியில் போட்டு வைக்காதீர்கள். விளம்பர வரியைப் படம் பிடியுங்கள், பில்லை வையுங்கள், 1915க்குப் போன் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கிய கடை டெல்லியில் இருந்தாலும், 2019ஆம் வருஷச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை.

பேத்தியின் மடிக்கணினிக்கு அந்தப் பையனே 'எல்' உள்ள ரேமை வரவழைத்து மாட்டினான். சொன்னபடி 1,900 வாங்கினான், பில்லும் தந்தான். ஒரு ரூபாய் பேரம் பேசவில்லை நான். புராஜெக்டை ஒரு நாள் தாமதமாகக் கொடுத்தாள், ஆசிரியை பெரிய மனது பண்ணி வாங்கிக்கொண்டார்கள்.

நேற்று ஒரு சின்ன அட்டை வெட்டி, பிசி3எல்-12800எஸ், 1.35 வோல்ட், 204 பின், ஒரே இடம், 8 ஜிபி வரை என்று எழுதி, மடிக்கணினியின் அடியில் செல்லோ டேப்பால் ஒட்டினேன். "என்ன தாத்தா இது?" என்றாள். "பின் கார்டு தாயி" என்றேன்.